வல்லம் தந்த கணித மேதை எஸ். எஸ். பிள்ளை

குற்றாலத்தில் அருவியாய் விழும் சிற்றாறு, பின்னர் தாமிரபரணியில் கலக்கிறது. அந்தக் குற்றாலத்தை அடுத்த வல்லம் என்னும் சிற்றூரில், 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை பிறந்தார். ஓராண்டிலேயே அன்னையை இழந்தார். செங்கோட்டையில் பள்ளி இறுதியாண்டு பயில்கையில் தந்தையும் மறைந்தார். அன்றே படிப்பு நின்றிருக்கும். சிறுவனின் அறிவை உணர்ந்த சாஸ்திரியார் என்னும் ஆசிரியர் பொருளுதவி செய்து காத்தார். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் கல்லூரிக் கல்வி நிறைவெய்தியது.

1927இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. பேராசிரியர்கள் ஆனந்தராவ், வைத்தியநாதசுவாமி ஆகியோரிடம் கணித ஆராய்ச்சி பயின்றார். அன்னார் நம் சமூகத்தில் பிறந்தவரல்லர். அவருக்கு வறுமையே தடை. நம் முன்னோர்க்கோ பள்ளியின் வாயிலே தடையாயிருந்தது. எனினும், உரிய வேளையில் ஒரு மாணவன் கையில் சேரும் உதவி எத்துணைப் பயன் தரும் என்பதை இவர் வாழ்வில் காண்கிறோம்.

1929 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். எந்த முழு எண்ணையும் ஆறாம் படி எண்களின் கூட்டுத்தொகையாக எழுத, அதிக அளவாக எத்தனை எண்கள் வேண்டும்? 1770இல் வாரிங் எழுப்பிய வினாவின் ஒரு பகுதி இது. 703 என்னும் எண்ணுக்குப் பத்து 64களும் அறுபத்து மூன்று 1களுமாக 73 தேவை; மாணவர்கள் தாளில் போட்டுப் பார்க்கலாம். எவ்வெண்ணுக்கும் 73க்கு மேல் வேண்டுவதில்லை என்று 1940இல் பிள்ளை நிறுவினார்.

பின்னர் கல்கத்தாப் பல்கலைக்கழகம் சென்றார். 1950இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் அழைத்தது. புறப்பட்டவர் ஆகஸ்டு 31ஆம் நாள், கெய்ரோவுக்கு அருகே நேர்ந்த விமான விபத்தில் உயிர் நீத்தார். அப்போது வயது 49.