காதறுவை மருத்துவரின் மகன்

திருவான்மியூர்க் கடற்கரையில் காதில் பஞ்சடைத்த சிறுவர்களைக் காணும்போது எனக்கு ஆஸ்கர் வைல்ட் நினைவுக்கு வருவார். தந்தை வில்லியம், டப்ளினில் ஏழைகளுக்குக் கண், காது மருத்துவமனை நிறுவியவர். 1853இல் காது அறுவை பற்றி நூலும் எழுதியவர். மகனோ 1896இல் சிறையிலிருந்து, சீழ் வடிகிறது, செவி மங்குகிறது என்று அரசுக்கு மனு அனுப்பினார். தந்தை இறந்து அப்போது 20 ஆண்டுகள். அறுவை நடந்தது 1900 அக்டோபரில், பாரிஸ் விடுதி அறையில். நவம்பர் 30 அன்று இறந்தார், வயது 46. நடுச்செவி நோய் மூளைக்குப் பரவியதே காரணம் என்பது மருத்துவர் பலரின் முடிவு.

அறுவை எண்ணிக்கையைக் கொண்டு இந்நோயை அளப்பதைப் பொருளியல் படித்த நான் ஏற்கமாட்டேன். அது மருத்துவமனைப் படியேறியவர்களின் கணக்கு மட்டுமே. 2004இல் உலக சுகாதார நிறுவனம், மக்களில் 4 விழுக்காட்டுக்கு மேல் இந்நோய் உள்ள பிரிவில் இந்தியாவை வைத்தது.