சன்னலோரத்தில் பூக்காத செடி

கொவிட்-19 காலத்தில் வீட்டிலேயே அடைந்து கிடந்தபோதுதான் எனக்கு ஆர்க்கிட் ஆசை வந்தது. வளர்ப்பதென்றால் நமது தேசிய மலரையே வளர்ப்போம் என்று வாண்டா மிஸ் ஜோக்கிம் செடி ஒன்றை வாங்கி, எங்கள் வீவக வீட்டு வரவேற்பறையின் சன்னலோரம் வைத்தேன். பென்சில் போன்ற உருண்டை இலைகளோடு செடி நன்றாகவே உயர்ந்தது. ஆனால் ஓராண்டாகியும் ஒரு மொட்டுகூட விடவில்லை. உரத்தை மாற்றினேன், தண்ணீரைக் குறைத்தேன், பலனில்லை. காரணம் தேடப் போன இடத்தில், அதற்குப் பெயர் தந்த பெண்மணியின் கதை என்னைப் பிடித்துக்கொண்டது.

ஆக்னஸ் ஜோக்கிம் 1854ல் சிங்கப்பூரில் பிறந்தவர். ஆர்மீனிய வணிகக் குடும்பத்தின் 11 பிள்ளைகளில் மூத்த மகள். 1872ல் தந்தை இறந்தபோது அவருக்கு 18 வயதுதான். தம்பி தங்கைகளை வளர்ப்பதில் தாயாருக்குத் துணை நின்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை. தஞ்சோங் பகார் வீட்டுத் தோட்டம்தான் அவருடைய உலகம். மலர்க் கண்காட்சிகளில் பரிசுகள் பல வென்றார்.

அந்தத் தோட்டத்தில் அவர் இரண்டு ஆர்க்கிட் வகைகளைக் கலந்தார். ஒன்று, பர்மாப் பக்கம் வளரும் வாண்டா டெரெஸ். மற்றொன்று, மலாயாவின் சதுப்பு நிலங்களுக்குரிய வாண்டா ஹூக்கரியானா. பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் அது மண்டிக் கிடந்ததால் அதைக் கிந்தா களை என்றே அழைத்தார்கள்!

ஒரு பூவின் மகரந்தத்தை மற்றொன்றில் வைப்பது பெரிய காரியமில்லை. விதையை முளைக்க வைப்பதுதான் பாடு. ஆர்க்கிட் விதை தூசு போன்றது, அதற்குள் உணவுச் சேமிப்பு கிடையாது. இயற்கையில் ஒருவகைப் பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். சர்க்கரை கலந்த ஊடகத்தில் முளைக்க வைக்கும் முறையை லூயிஸ் நட்சன் என்ற அறிவியலாளர் வெளியிட்டதே 1922ல்தான். ஆக்னஸ் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, ஆய்வுக்கூடம் எதுவுமின்றிச் சாதித்துவிட்டார்.

பூத்த செடியை அவர் அன்றைய பூமலை இயக்குநர் ஹென்றி ரிட்லியிடம் காட்டினார். நம் முன்னோர் பலரைத் தோட்டப்புறங்களுக்கு வரவழைத்த ரப்பர் பயிருக்காகப் பாடுபட்ட அதே ரிட்லிதான். ஆக்னஸ் உருவாக்கிய கலப்பினம் இது என்று 1893ல் லண்டன் தோட்டக்கலை இதழ் ஒன்றில் அவர் தெளிவாகவே எழுதினார். அப்படியிருந்தும், மூங்கில் புதரில் தானாக முளைத்ததை ஆக்னஸ் கண்டெடுத்தார், அவ்வளவுதான் என்ற பேச்சு பின்னாளில் பரவியது. வீட்டுத் தோட்டக்காரப் பெண் ஒருவருக்கு இது சாத்தியமா என்ற சந்தேகம்தான் அதற்குப் பின்னால் இருந்ததோ என்று எனக்குத் தோன்றுகிறது. அவரே உருவாக்கினார் என்று 2016ல்தான் அதிகாரத்துவமாக ஏற்கப்பட்டது.

1899 கண்காட்சியில் அந்த மலருக்கு முதல் பரிசு. அதே ஆண்டு ஜூலையில் ஆக்னஸ் புற்றுநோயால் காலமானார். அது தேசிய மலரானது 1981ல். ஹில் ஸ்திரீட் ஆர்மீனியத் தேவாலய வளாகத்தில் அவரது கல்லறைக் கல்லை இன்றும் பார்க்கலாம். நானும் போய்ப் பார்த்தேன்.

என் செடி பூக்காத காரணமும் ஒருவழியாகத் தெரிந்தது. வாண்டா மிஸ் ஜோக்கிமுக்கு முழு வெயில் வேண்டும், அதன் நுனி ஊன்றுகோலைத் தாண்டி எழவும் வேண்டும். வீட்டுக்குள் மிதமான வெளிச்சத்தில் பூப்பது ஃபெலனாப்சிஸ் வகை. இப்போது சன்னலோரத்தில் அது இருக்கிறது. வாண்டாவைப் புளோக்கின் கீழுள்ள சமூகத் தோட்டத்திற்குக் கொண்டுபோய்விட்டேன். போன வாரம் பார்த்தபோது அதன் நுனி கோலைத் தாண்டி இரண்டு விரல் உயரம் எழுந்திருந்தது. மொட்டு இன்னும் இல்லை.