இரண்டே மீன்கள்!

லண்டன் நகரம். 1849-ம் ஆண்டு.

ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரம். 12 காலன், அதாவது சுமார் 55 லிட்டர் கொள்ளளவு உடையது. அதில் ஒருவர் மீன் விட்டார். எத்தனை மீன் தெரியுமா? இரண்டே இரண்டு! அதுவும் சின்னஞ்சிறு தங்க மீன்கள்.

அவர்தான் ராபர்ட் வாரிங்டன். வீட்டில் மீன் தொட்டி வைக்க வழி காட்டிய அறிஞர்.

ரசாயன நிபுணர்

வாரிங்டன் 1807-ல் இங்கிலாந்தில் ஷீர்னஸ் என்ற ஊரில் பிறந்தார். இளமையிலேயே ரசாயனத் தொழில் பழகினார். 1841-ல் லண்டன் ரசாயனக் கழகம் தோன்ற முன்நின்று உழைத்தார். மறு ஆண்டு, மருந்து தயாரிப்போர் சங்கத்தில் ரசாயன நிபுணர் ஆனார்.

அந்தக் காலத்தில், கிண்ணத்தில் மீன் வளர்ப்பவர்கள் அடிக்கடி தண்ணீரை மாற்றுவார்கள். மாற்றாவிட்டால் மீன் செத்து மிதக்கும்.

தண்ணீரை மாற்றாமலே மீனை வாழ வைக்க முடியாதா? வாரிங்டன் யோசித்தார்.

நத்தை செய்த உதவி

மீன் சுவாசிக்கப் பிராணவாயு வேண்டும். செடி வெயிலில் பிராணவாயுவை வெளியிடும். எனவே மீனோடு வாலிஸ்நேரியா என்ற நீர்ச் செடியையும் வைத்தார். நாடா போல் நீண்ட இலை உடைய செடி அது.

முதலில் எல்லாம் நன்றாக நடந்தது. பிறகு இலைகள் அழுகின. கண்ணாடியில் பாசி படர்ந்தது. தண்ணீர் கலங்கியது. மீன்களின் உயிருக்கு ஆபத்து!

வாரிங்டன் சோர்ந்துவிடவில்லை. ஐந்தாறு குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலையும் பாசியையும் தின்றன. தண்ணீர் தெளிந்தது. நத்தையின் முட்டைகள் மீனுக்கு இரை ஆயின!

1850-ல் இதை அவர் ரசாயனக் கழகத்துக்குத் தெரிவித்தார். பிறகு கடல் உயிர்களையும் இவ்வாறு வளர்த்தார். 1853-ல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. மீன் தொட்டி மோகம் இங்கிலாந்து எங்கும் பரவியது. வாரிங்டன் 1867-ல் காலமானார்.

எத்தனை மீன் விடலாம்?

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. மணலிலும் கல்லிலும் வாழும் நுண்கிருமிகள் அதைத் தீமை குறைந்த பொருளாக மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இக்கிருமிகள் பெருகச் சில வாரங்கள் ஆகும். இது வாரிங்டனுக்குத் தெரியாது. ஆனால் அவர் விட்ட மீன்கள் குறைவு. அதனால் நஞ்சும் குறைவு.

தொட்டி அழகாக இருக்க வேண்டும் என்று முதல் நாளே பத்து, இருபது மீன்களை விடுகிறவர்கள் உண்டு. சில நாளில் மீன்கள் மடியும். குழந்தைகள் அழும்.

தண்ணீரின் மேல்பரப்பு வழியாகவும் காற்று கலக்கிறது. எனவே வாய் குறுகிய தொட்டியில் மீன்களைக் குறைக்க வேண்டும். மீன் இன்று எவ்வளவு சிறியது என்று பார்த்தால் போதாது. வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும் என்று கணக்கிட வேண்டும். தங்க மீன் ஒரு சாணுக்கு மேலும் வளரக்கூடியது!

முதலில் ஓரிரு மீன். தண்ணீர் நிலைப்பட்ட பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக மற்றவை. ஆசைக்கு ஏற்ப அல்ல, தண்ணீர் தாங்கும் அளவுக்கு ஏற்பவே மீன் விட வேண்டும்.