மகனுக்காக ஒரு கோவில், நடுவில் ஒரு சுவர்: புதுச்சேரியின் கனகராய முதலியார் யார்?

கோரிமேட்டில் இருப்பவர்களுக்கு முகவரியில் 'உழவர்கரை நகராட்சி' என்று எழுதிப் பழக்கம். ஜிப்மர் வாசலில் டீக்கடை வைத்திருப்பவர் முதல் ரெட்டியார்பாளையத்தில் ஐ.டி. வேலைக்குக் கிளம்புகிறவர் வரை எல்லாரும் இந்த ஒரே நகராட்சிதான். பிரெஞ்சுக்காரர்கள் இதை 'உல்கரே' என்று எழுதினார்கள். 280 வருஷத்துக்கு முன்பு இது புதுச்சேரிக் கோட்டைக்கு வெளியே இருந்த கிராமம்.

1745-ஆம் ஆண்டு நவம்பர் கடைசியில் அந்தக் கிராமத்தில் ஒரு பெரிய விருந்து நடந்தது. ஊரே அங்கே போனது. கவர்னர் துய்ப்ளேக்ஸும் போனார். புதிதாகக் கட்டிய புனித அந்திரேயா கோவிலைத் திறக்கும் விழா அது. கட்டியவர் கனகராய முதலியார். ஞானஸ்நானப் பெயர் பெத்ரோ. பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமை துபாஷி. இன்றைய ரெட்டியார்பாளையம் புனித அந்திரேயா ஆலயத்தின் தொடக்கம் அதுதான்.

கோவில் கட்டினார், விருந்து வைத்தார், அவ்வளவுதானே என்று தோன்றலாம். ஆனால் அந்த விருந்துக்குச் சில வாரங்கள் முன்னால் ஊருக்குள் இன்னொரு கோவிலில் ஒரு சுவர் இடிந்தது. அப்போது இதே முதலியார் எந்தப் பக்கம் நின்றார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த மனிதரைப் புரிந்துகொள்ள முடியும்.

துபாஷி என்றால் என்ன வேலை?

'துபாஷி' என்றால் இரண்டு மொழி தெரிந்தவர். பெயர்தான் அப்படி, வேலை மொழிபெயர்ப்போடு நிற்கவில்லை. கம்பெனிக்குத் துணி வேண்டும். துணி நெசவாளரிடம் இருக்கிறது. நடுவில் வியாபாரிகள், முன்பணம், கெடு, தரம், தகராறு. இதையெல்லாம் பேசி முடிப்பவர் துபாஷி. சுற்றியிருந்த நவாப், பாளையக்காரர்களோடு பேச்சு நடத்துவதும், ஊர்ச் சாதித் தலைவர்களை கவர்னர் முன் கொண்டுவந்து நிறுத்துவதும்கூட அவர்தான். வெள்ளைக்காரருக்கு ஊர் அவர் வழியாகத்தான் தெரியும். ஊருக்கும் வெள்ளைக்காரர் அவர் வழியாகத்தான். ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் தரகு உண்டு என்பதால் பணமும் கொட்டியது.

கனகராய முதலியாருக்கு இது கிட்டத்தட்ட குடும்பத் தொழில். 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியிருப்பை நிலைநிறுத்திய காலத்திலேயே பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து வந்து அவருக்குத் துணையாக நின்றவர் தானப்ப முதலியார் என்ற கிறிஸ்தவர். அவர் வம்சத்தில் வந்தவர்தான் நம் பெத்ரோ. அதாவது, இவர் மதம் மாறியவர் இல்லை, விசுவாசத்துக்குள்ளேயே பிறந்தவர். ஞாயிறு பூசை, நோன்பு, திருவிழா எல்லாம் வீட்டோடு வந்தது.

மதம் பார்த்து வந்த பதவி

ஆனால் பதவி அப்படி அமைதியாக வரவில்லை. 1708-இல் துபாஷி ஆனவர் நைனியப்ப பிள்ளை. இந்து, கெட்டிக்காரர். சேசு சபைச் சாமியார்களுக்கு இது பிடிக்கவில்லை. ஊரின் இத்தனை பெரிய பதவியில் ஒரு கிறிஸ்தவர்தான் இருக்க வேண்டும் என்று அவர்கள் விடாமல் அழுத்தம் கொடுத்தார்கள். 1716-இல் நைனியப்பர் கைது செய்யப்பட்டார். பொது இடத்தில் சவுக்கடி, சிறை, சொத்துப் பறிப்பு. அடுத்த வருஷமே சிறையிலேயே இறந்துபோனார். அவர் இடத்தில் உட்கார வைக்கப்பட்ட இளைஞர்தான் கனகராய முதலியார்.

பிறகு பாரிஸ் வரை வழக்குப் போய், நைனியப்பர் குற்றமற்றவர் என்று முடிவானது. அவர் மகன் குருவப்பா பிரான்சுக்கே போனார், அங்கே ஞானஸ்நானம் பெற்றார், அரசர் தரும் செவாலியர் பட்டத்தோடு திரும்பி வந்து 1722-இல் துபாஷி ஆனார். இரண்டே வருஷத்தில் அவரும் இறந்தார். பதவி மறுபடி கனகராயரிடம் வந்தது. அதன்பின் சாகும்வரை, இருபது வருஷத்துக்கு மேல், அவர்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கனகராயரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஆனந்தரங்க பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து வருகிறது. அந்த ஆனந்தரங்கர் வேறு யாருமில்லை, நைனியப்பரின் மைத்துனர் திருவேங்கடத்தின் மகன். அதே பதவிக்குக் காத்திருந்தவர். ஒருவர் வாழ்க்கையை அவருடைய போட்டியாளரின் டைரியில் படிக்கிறோம். கொஞ்சம் உப்புப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும்.

மகன் போனபின்

முதலியாருக்கு ஒரே மகன், வேலவேந்திர முதலி. பெயரைப் பாருங்கள், கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைக்கு வேலவேந்திரன். அந்தக் காலத்துப் புதுச்சேரியில் இது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. மகனுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. ஆனால் வாலிப வயதிலேயே இறந்துபோனான். குழந்தை இல்லை.

பணம், பதவி, கவர்னரிடம் செல்வாக்கு எல்லாம் இருந்த மனிதருக்கு இதன்பின் மிஞ்சியது என்ன? அவர் என்ன நினைத்தார் என்று எழுதிவைக்கவில்லை. செய்தது மட்டும் தெரியும். மகன் நினைவாக உழவர்கரையில் கோவில் எழுப்பினார். திறப்பு விழாவை புனித அந்திரேயாவின் திருநாளான நவம்பர் 30-ஐ ஒட்டி வைத்தார்.

சுவர் இடிந்த கதை

அதற்கு முந்தைய மாதம், 1745 அக்டோபர். இடம் சம்பா கோவில். இன்று மிஷன் வீதியில் ஜென்மராக்கினி மாதா பேராலயம் நிற்கிறதே, அங்கிருந்த பழைய சேசு சபைக் கோவில். 'சேன் போல்' என்ற புனித பவுலின் பிரெஞ்சுப் பெயர்தான் ஊர் வாயில் 'சம்பா' ஆனது.

அந்தக் கோவிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் இன்று தலித் என்கிறோமே, அந்த மக்கள். ஒரே பூசை, ஒரே பீடம், நடுவில் சுவர்.

இது எப்படி வந்தது? 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காலத்திலிருந்தே சேசு சபையினர் இங்குள்ள பழக்கங்களைப் பெரும்பாலும் தொடவில்லை. தாலி, குடுமி, பொட்டு, சாதி எல்லாம் ஊர் வழக்கம்தான், மத விஷயம் இல்லை என்பது அவர்கள் கணக்கு. ரோமில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. போப்பாண்டவரின் தூதர் துர்னோன் புதுச்சேரிக்கே வந்து தங்கி, 1704-இல் இப்படிப்பட்ட பல வழக்கங்களைத் தடைசெய்து ஆணை போட்டார். 'மலபார் சடங்கு விவகாரம்' என்று வரலாற்றில் சொல்வது இதைத்தான். தமிழர்களை அன்று பிரெஞ்சுக்காரர்கள் 'மலபார்' என்றார்கள். நாற்பது வருஷம் இழுத்தடித்து, 1744 செப்டம்பரில் போப் 14-ஆம் ஆசீர்வாதப்பர் கறாராக முடித்துவைத்தார். சாமியார்கள் எல்லாரும் பணிய வேண்டும் என்று ஆணை வந்தது. அந்தக் காற்று அடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் இது நடந்தது.

காரைக்காலிலிருந்து வந்த சாமியார் ஒருவர் சம்பா கோவிலில் இருந்த இந்தச் சுவரை விரும்பவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் கூட்டமாகப் பெரிய சாமியாரிடம் போய்க் கேட்டார்கள். கடவுளுக்கு எல்லாரும் பிள்ளைகள் என்று போதிக்கிறீர்களே, எங்களை மட்டும் ஏன் தனியாக நிறுத்துகிறீர்கள் என்பது அவர்கள் கேள்வியின் சாரம். சாமியாரால் பதில் சொல்ல முடியவில்லை. சுவர் இடிக்கப்பட்டது. ஐரோப்பியர், கலப்பினத்தவர், எல்லாச் சாதித் தமிழரும் ஒன்றாக உட்கார்ந்து பூசை கண்டார்கள்.

இன்றைக்கு யோசித்தாலும், இந்தக் கதையில் விசுவாசத்தில் வளர்ந்தவர்கள் என்றால் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள்தான். அவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை.

சரி, முதலியார்?

அவர் வீட்டு உறவுப் பெண் ஒருவர் வழக்கம்போல மெல்லிய சேலையும் நகையும் வாசனைத் திரவியமுமாகப் பூசைக்கு வந்தார். சாமியார் எல்லார் முன்னிலும் அந்தப் பெண்ணைக் கண்டித்தார். கோவிலுக்கு இப்படியா வருவது என்று அவமானப்படுத்தி வெளியே அனுப்பினார். சமத்துவம் பேசிய அதே சாமியார் ஒரு பெண்ணைக் கூட்டத்தில் கூனிக்குறுக வைத்தார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். முதலியாரும் அவருடைய சொந்தக்காரர்களும் சாமியாரிடம் போய் வாக்குவாதம் செய்தார்கள். சாமியார் நேராக கவர்னரிடம் போனார். துய்ப்ளேக்ஸ் சாமியார் பக்கம் நின்றார். இந்த விஷயத்தைக் கூட்டம் கூடிப் பேசுகிறவர்களைப் பிடித்து அடைக்கச் சொன்னார். கிறிஸ்தவர் என்பதற்காகவே அந்தப் பதவிக்கு வந்தவர் முதலியார். முப்பது வருஷம் கழித்து, அவரைக் கொண்டுவந்த அதே கோவிலோடு மோதி நின்றார். பூசையில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதுதான் சண்டை.

இரண்டு முறையிலும் சேராத விருந்து

இந்தச் சூடு ஆறுவதற்குள்தான் உழவர்கரைத் திறப்பு விழா. முதலியார் கிறிஸ்தவர்களை மட்டும் அழைக்கவில்லை. பிராமணர், வேளாளர், செட்டி, கோமுட்டி, நெசவாளர், தட்டார் என்று ஊரிலுள்ள சாதியெல்லாம் அழைத்தார். அவரவருக்கு அவரவர் முறைப்படி பந்தலும் சமையலும். பிராமணருக்கு பிராமணரே சமைத்தார்கள். ஐரோப்பியருக்கு மேசைச் சாப்பாடு. யாரும் குறை சொல்ல முடியாத ஏற்பாடு.

ஆனந்தரங்கர் குறை சொன்னார். கிறிஸ்தவக் கோவிலைக் கட்டிவிட்டு இந்துக் கல்யாண வீடு மாதிரிப் பந்தி வைத்தது இரண்டு முறையிலும் சேராது என்பது அவர் எண்ணம். போட்டியாளரின் கண் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அவர் பார்த்தது தப்பில்லை. சம்பா கோவிலில் இடிந்த சுவர் உழவர்கரைப் பந்தலில் இலை வரிசையாக இருந்தது.

முதலியார் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். ஒரே மகனை இழந்த தகப்பன் அவர். ஊரே வந்து சாப்பிட்டுப் போனால்தான் அந்தத் துக்கத்துக்கு மரியாதை. அதற்கு அவருக்குத் தெரிந்த வழி ஊர் வழிதான். பூசை லத்தீனில், பந்தி தமிழில். இரண்டும் முரண்படுகிறது என்று வெளியிலிருந்து வந்தவர்கள் சொன்னார்களே தவிர, அவர் வீட்டில் யாரும் அப்படி நினைத்த மாதிரித் தெரியவில்லை.

சொத்து யாருக்கு?

விருந்து முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1746 பிப்ரவரியில் கனகராய முதலியார் இறந்துபோனார். உடனே சொத்துத் தகராறு. ஒரு பக்கம் தம்பி சின்ன முதலி, மறுபக்கம் முதலியாரின் மனைவி. மகனை இழந்த மருமகளும் அந்த வீட்டில்தான் இருந்தார்.

குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம், ஆட்சி பிரெஞ்சு ஆட்சி. எந்தச் சட்டப்படி பிரிப்பது? துய்ப்ளேக்ஸ் ஊர்ப் பெரியவர்களையும் சாதித் தலைவர்களையும் கூட்டி வழக்கம் என்னவென்று கேட்டார். பாகப்பிரிவினையில் கிறிஸ்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஒரே வழக்கம்தான், ஆண் வாரிசு இல்லாததால் சொத்து தம்பிக்கு, பெண்களைக் கடைசிவரை அவர் பராமரிக்க வேண்டும் என்று முடிவானது. அந்தக் கோவில் யார் நினைவாக எழும்பியதோ, அந்த மகன் இருந்திருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது.

காலியான துபாஷி பதவிக்குக் கிறிஸ்தவர் ஒருவரைப் போட வேண்டும் என்று மறுபடியும் பேச்சு எழுந்தது. இந்த முறை அது எடுபடவில்லை. 1747-இல் அந்தப் பதவி, நைனியப்பரின் மருமகன் முறையான ஆனந்தரங்க பிள்ளைக்குப் போனது.