சிங்காரவேலரும் பொன்மலையும்

திருச்சிராப்பள்ளி என்னும் பெயரைக் கேட்டவுடன் மலைக்கோட்டையும், காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட திருவரங்கத்தின் கோபுரங்களும் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பே. ஆயின் திருவரங்கத்தினின்றும் காவிரிப் பாலத்தைக் கடந்து வரும் புகைவண்டி, நகர நிலையத்தை விடுத்துச் சந்திப்பை அடையுமுன் பொன்மலை வழியே செல்கின்றது. பொன்மலையில் காண்பதற்குக் கோபுரம் இல்லை. பெரியதோர் இருப்புப்பாதைத் தொழிற்சாலை உண்டு. முதலாளித்துவம் யாது, பொதுவுடைமையாளர் அதனைக் குறைகூறுவது எதனால் என்னும் வினாக்களுக்கு நூலகத்தில் விடை தேடும் நம் மாணவர், அவ்வினாக்கள் இத்தொழிற்சாலையின் பொருட்டே ஒருகால் எழுந்தமையை அறிதல் நன்று. அவற்றை எழுப்பியவருள் ஒருவராய், அதன் பயனாக 68-ஆம் அகவையில் தண்டனை பெற்றவர் ம. சிங்காரவேலர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1860-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 18-ஆம் நாள் சென்னையில் மீனவர் குடியில் தோன்றினார். தந்தையார் வேங்கடாசலம், தாயார் வள்ளியம்மாள். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று 1884-இல் எப்.ஏ. தேர்வில் வெற்றி பெற்றார். பின்னர் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டமும் பெற்றார். இடையே அரிசி வாணிகம் செய்தார். அதன் பொருட்டு 1902-இல் இங்கிலாந்துக்கும் சென்று வந்தார். சட்டப் படிப்பை முடித்து உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டபோது ஆண்டு 1907. அவர்க்கு அகவை 47. கல்வியில் காலம் தாழ்ந்தது என்று இரங்கும் மாணவர் இதனைச் சற்று நினைப்பாராக. புத்தர் கொள்கையிற் பற்றுடையராய்த் தம் இல்லத்திலேயே மகாபோதி சங்கத்தின் கூட்டங்களை நடத்தினார். நூல்களை விலைக்கு வாங்குவதில் அவர்க்கிருந்த வேட்கை அளவிறந்தது. இயற்கை நூலும் பொருளியலும் அவர் விரும்பிக் கற்ற துறைகள்.

1917-இல் உருசிய நாட்டில் நிகழ்ந்த புரட்சி உலகெங்கும் பேசப்பட்டது. அடுத்த ஆண்டில் சென்னையில் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1921-இல் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்து, புளியந்தோப்பில் துப்பாக்கியும் வெடித்தது. அவ்வாண்டிலேயே சிங்காரவேலர் ஒத்துழையாமைக் கொள்கையை மேற்கொண்டு வழக்கறிஞர் தொழிலைத் துறந்தார்; தம் கறுப்பு அங்கியைப் பலர் காண எரித்தார் என்பர். காந்தியடிகளுக்கு அவர் அவ்வாண்டு விடுத்த வெளிப்படையான கடிதம் பலரையும் வியப்பிலாழ்த்தியது. அந்நிய ஆட்சியை எதிர்க்கும் அதே அறவழி ஒத்துழையாமையை முதலாளிகளின் ஆதிக்கத்திற்கு எதிராகவும் ஏன் கையாளுதல் கூடாது என்பது அதன் உட்கிடை. 1922-ஆம் ஆண்டின் இறுதியில் கயையிற் கூடிய காங்கிரஸ் மகாசபையில் தாம் ஒரு பொதுவுடைமையாளர் என்பதை மறையாது அறிவித்துத் தொழிலாளர்க்காகப் பேசினார். 1923 மே முதல் நாளன்று சென்னைக் கடற்கரையில் இரண்டு இடங்களில் கூட்டங் கூட்டி இந்நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடியவரும், தொழிலாளர் விவசாயிகள் கட்சியைத் தோற்றுவித்தவரும் இவரே. 1925 டிசம்பரில் கான்பூரில் கூடிய முதல் இந்தியப் பொதுவுடைமை மாநாட்டிற்கும் இவரே தலைமை தாங்கினார்.

இனி, அவர் கற்றுப் பிறர்க்கும் எடுத்துரைத்த தத்துவம் யாதெனப் பார்ப்போம். ஜெர்மானிய அறிஞர் கார்ல் மார்க்ஸ் 1867-இல் தம் மூலதன நூலின் முதற் பாகத்தை வெளியிட்டார். அந்நூல் பெரிது, அதன் நடுக்கருத்தோ ஓர் எடுத்துக்காட்டினால் விளங்குவது. ஒரு கொல்லன் பட்டறையில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் உழைக்கின்றான் எனக் கொள்வோம். தன் கூலிக்கு ஈடான மதிப்பை அவன் முதல் நான்கு மணி நேரத்திலேயே ஆக்கிவிடுகின்றான் எனவும் கொள்வோம். அவன் அத்துடன் வீடு திரும்புதல் இயலாது; எட்டு மணிக்குமாக அவனுடைய உழைப்பாற்றல் விலைக்கு வாங்கப்பட்டுவிட்டது. எஞ்சிய நான்கு மணி நேரத்து உழைப்பின் பயன் முதலாளியைச் சேர்கின்றது. இதுவே உபரி மதிப்பு எனப்படும். இதிற் களவோ வஞ்சகமோ இல்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. முதலாளி நல்லவராயினும் தீயவராயினும் கணக்கு ஒன்றே. ஆதலின் மார்க்ஸின் குறைகூறல் முதலாளியின் குணத்தைப் பற்றியதன்று, அமைப்பைப் பற்றியது. மேடைகளில் முதலாளிகளை வசைபாடுவோர் பலர் இந்நுட்பத்தை உணர்ந்திலர்.

மற்றொன்றும் உண்டு. போட்டியினால் உந்தப்பட்ட முதலாளி புதிய இயந்திரங்களைக் கொணர்கின்றார். நூறு பேர் செய்த வேலையை அறுபது பேர் செய்யலாகின்றது. எஞ்சிய நாற்பது பேர் வாயிலின் வெளியே நிற்கின்றனர். அவர்கள் நிற்பதனாலேயே உள்ளிருப்போர் கூலி உயர்வு கேட்க அஞ்சுகின்றனர். இயந்திரம் உழைப்பைக் குறைக்க வந்தது. குறைந்ததோ உழைப்பாளியின் சோறு. இயந்திரம் கூடாது என்பது பொதுவுடைமையாளர் கருத்தன்று. அதனால் வரும் ஆதாயம் யாருக்கு என்பதே அவர்தம் வினா.

இவ்வினா தமிழகத்தில் உயிர் பெற்று நின்றது 1928-ஆம் ஆண்டில். தென்னிந்திய இருப்புப்பாதைக் கம்பெனியின் தலைமை அலுவலகம் திருச்சிராப்பள்ளியில் இருந்தது. பங்குதாரர் இருந்ததோ இங்கிலாந்தில். இதற்கு முன்னோடியாய கம்பெனி தண்டவாளம் இட்ட காலத்தில், போட்ட முதலுக்கு நூற்றுக்கு 5 வட்டி தருவதாக அரசாங்கத்தார் உறுதி அளித்திருந்தனர். வருவாய் குறைந்தால் பொதுப் பணத்திலிருந்து ஈடு செய்யப்படும். இருப்புப்பாதை அரசாங்கத்தின் உடைமையான பின்னரும், அதனை நடத்தும் உரிமை 1944 வரை கம்பெனியிடமே இருந்தது. நாகப்பட்டினத்தில் நெடுங்காலமாக இருந்த தொழிற்சாலையை அகற்றிப் பொன்மலையில் புதியதொன்றை நிறுவிய கம்பெனியார், செலவைச் சுருக்கக் கருதி 3,100-க்கு மேற்பட்ட தொழிலாளரை நீக்கத் திட்டமிட்டனர். முதல் போட்டவர்க்கு ஒருகால் அரசாங்கமே பிணை நின்றது. முதுகொடிய உழைத்தவர்க்குப் பிணை நிற்பார் ஒருவருமிலர். பொதுவுடைமைத் தத்துவத்தை விளக்க இதனினும் தெளிந்த உரை வேண்டுவதில்லை.

அவ்வாண்டு ஜூலைத் திங்களில் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. சிங்காரவேலரும் கல்கத்தாவிலிருந்து வந்த முகுந்தலால் சர்க்காரும் தொழிலாளர்க்குத் துணை நின்றனர். தென்னாடெங்கும் வண்டிப் போக்குவரத்து நிலைகுலைந்தது. அரசாங்கத்தார் கடுமையாக ஒடுக்கினர்; தலைவர்கள் சிறைப்படுத்தப்பட்டனர். வேலைநிறுத்தம் சில நாள்களே நீடித்து அத்திங்கள் முடியுமுன் முறிந்தது. சிங்காரவேலர்க்குக் கிடைத்தது 10 ஆண்டுச் சிறைத்தண்டனை. அறுபத்தெட்டு அகவையினர்க்குப் பத்தாண்டு என்பது எதற்குச் சமம் என்பதை நாம் கூறவேண்டுவதில்லை. மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டு, 1930-இல் விடுதலையானார்.

தோற்கும் போரில் ஏழைத் தொழிலாளரை இறக்கிவிட்டனர் என்று இத்தலைவர்களைக் குறைகூறுவாரும் உளர். அக்குறையில் உண்மை ஒரு சிறிது உண்டு என்றே தோன்றுகின்றது. கையில் சேமிப்பில்லாத குடும்பத்திற்கு ஒரு திங்கட் கூலி இல்லாமற் போதல் சிறு துன்பமன்று. ஆயினும், வாளா இருந்திருப்பின் ஆட்குறைப்பு நிகழாதிருக்குமோ என்று வினவின், அதற்கு விடை கூறுவார் அரியர். தலைவரும் தம் வீட்டில் நூல்களிடையே அமர்ந்துகொண்டு பிறரை ஏவினாரல்லர் என்பதையும் நடுநிலையாளர் மறத்தலாகாது.

சிறை மீண்ட பின் அவர் எழுத்தில் முனைந்தார். ஈ.வெ. ராமசாமிப் பெரியாரின் குடி அரசு இதழில் இயற்கை நூல், பொருளியல், சமதர்மம் ஆகியன பற்றித் தொடர்ந்து எழுதினார். அபேதவாதம் என்றும் சமதர்மம் என்றும் பொதுவுடைமை என்றும் பல பெயர்களாற் குறிக்கப்பட்ட கருத்துகளை ஆங்கிலம் அறியாத தமிழர்க்கு எட்டச் செய்தவருள் அவர் முன்னவர். நடை கரடுமுரடானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பொருளில் மயக்கமில்லை. பெரியார் உருசியா சென்று மீண்டபின் 1932-இறுதியில் ஈரோட்டில் வகுக்கப்பெற்ற சமதர்மத் திட்டத்தில் சிங்காரவேலரின் கைவண்ணம் உண்டு. இருப்புப்பாதைகளும் வங்கிகளும் பொதுவுடைமை ஆகவேண்டும் என்பது அத்திட்டத்தின் கூறுகளுள் ஒன்று. பொன்மலைத் தொழிலாளர்க்காகச் சிறை சென்றவர் இருப்புப்பாதையை மறவாதிருந்தது வியப்பன்று. அரசாங்கத்தின் அடக்குமுறை பெருகவே, பெரியார் அத்திட்டத்தைத் தளர்த்தினார். சிங்காரவேலர்க்கு அது உடன்பாடன்று. 1935-இல் புது உலகம் என்னும் இதழைத் தாமே தொடங்கினார்.

முதுமையும் நோயும் வந்தடுத்தன. கம்பெனி ஆட்சி நீங்கித் தென்னிந்திய இருப்புப்பாதை 1944 ஏப்ரலில் அரசாங்கத்தின் நேர் நிர்வாகத்திற்கு வந்ததை அவர் உயிருடன் இருந்து கண்டார். எனினும் உடைமை மாறியதனால் மட்டும் தொழிலாளியின் குறை தீர்வதில்லை என்பதும் விரைவில் விளங்கிற்று. 1946 பிப்ரவரி 11-ஆம் நாள் தம் 85-ஆம் அகவையில் சிங்காரவேலர் சென்னையில் காலமானார். அவ்வாண்டு செப்டம்பர் 5-ஆம் நாள், பொன்மலையில் தொழிலாளர் கூடிய சங்கத் திடலில் காவற்படையினர் துப்பாக்கியாற் சுட்டனர். ஐவர் மாண்டனர். ஆண்டுதோறும் அந்நாளில் பொன்மலைத் தொழிலாளர் அத்திடலில் கூடி அவர்க்கு அஞ்சலி செலுத்துகின்றனர்.