கேட்கும் முன் கொடுத்த வில்லாளன்

கொல்லிமலை அறப்பளீஸ்வரரைத் தரிசிக்க 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செல்பவர்கள், செம்மேட்டில் குதிரை மேல் அமர்ந்த வீரனின் சிலையைப் பார்த்திருப்பீர்கள். சங்க காலத்தில் இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி அவன். கடையெழு வள்ளல்களில் ஒருவன்.

ஒருமுறை புலவர் வன்பரணர் பாணர் கூட்டத்தோடு காட்டு வழியே வந்தார். அங்கே ஒரு வேடன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றியைத் துளைத்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது! மார்பில் ஆரம் அணிந்த இவன் ஓரிதானோ என்ற எண்ணத்தில் அவர்கள் புகழ்ந்து பாடினார்கள். தன் பெயரைக் கேட்டதும் அவன் வெட்கப்பட்டு நின்றான். வந்தவர்கள் தேவையைச் சொல்லக்கூட விடாமல், அந்தக் காட்டிலேயே பசியாற்றி, தன் மலையின் பொன்னையும் மணியையும் அள்ளித் தந்தான்.

பிற்பாடு மலையமான் திருமுடிக்காரியுடன் நடந்த போரில் ஓரி உயிர் துறந்தான். காரி, மலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான். ஆனால் இன்றும் ஆடிப்பெருக்கையொட்டி அங்கே விழா நடப்பது ஓரிக்குத்தான்.

வில் எடுப்பது மட்டுமா வீரம்? கையிருப்பு குறைந்த மாதக் கடைசியிலும், வாசலில் நிற்பவரின் முகவாட்டம் பார்த்துச் சோறிட தைரியம் வேண்டும். அதை நாலு பேரிடம் சொல்லிக் கொள்ளாமல் இருக்க, இன்னும் தைரியம் வேண்டும். வரும் ஆடி 18 அன்று சித்திரான்னம் கிளறும்போது ஓரியை நினைத்து ஒரு பிடி அரிசி கூடப் போடுங்கள். அதை யாரும் கேட்கும் முன் கொடுத்துவிடுங்கள்.