ஆளவந்தார் கண்ட ஆன்மா

திட்டக்குடியைத் தொட்டுச் செல்லும் வெள்ளாறு கிழக்கே சேத்தியாத்தோப்பை நோக்கி ஓடுகிறது. அதற்குத் தெற்கே, முதற் பராந்தக சோழன் காலத்து வீராணம் ஏரி. (சென்னை மாநகரத்தார் இன்று பருகும் நீரில் ஒரு பகுதியும் இவ்வேரியினதே.) ஏரியை அடுத்துள்ளது காட்டுமன்னார்கோயில் என வழங்கும் வீரநாராயணபுரம். திவ்யப் பிரபந்தத்தைத் தேடித் தொகுத்தளித்த நாதமுனிகளின் திருப்பேரனாராக, 10ஆம் நூற்றாண்டில், ஆடி உத்திராட நன்னாளில் யமுனைத்துறைவர் இத்தலத்தில் அவதரித்தார். உற்சவம் ஸேவிக்க வந்துள்ள அன்பர்கள் அவரை நம் அண்டை ஊர்ப் பெரியவராகவே கொள்ளலாம்.

இளமையில் அவர் மஹாபாஷ்ய பட்டரிடம் பாடம் கேட்டு வந்தார். அரசவைப் புலவன் ஆக்கியாழ்வான் ஆசிரியரிடம் கப்பம் கேட்டு ஓலை விடுத்தபோது, அச்சிறுவரே வாதுக்குச் சென்று வென்றார். தம்மை ஆள வந்தவர் இவரென்று அரசி போற்றிய சொல்லே திருநாமமாயிற்று. அரசன் வாக்களித்தவாறு பாதி ராஜ்யமும் கிட்டியது. அரண்மனை வாழ்வில் பாட்டனாரின் நினைவும் மங்கியது.

அவரை மீட்க வந்தவர் மணக்கால் நம்பி. வாயிற்காவலைக் கடக்க இயலாத அப்பெரியவர், மடைப்பள்ளியாரிடம் நாள்தோறும் தூதுவளைக் கீரை கொடுத்து வந்தார். ஆறு மாதங்கள் கழிந்து திடீரெனக் கீரை நின்றது. காரணம் வினவிய ஆளவந்தார் நம்பியை அழைப்பித்தார். பாட்டனார் சேர்த்த நிதி தம்மிடம் இருப்பதாகவும், அது இரண்டு ஆறுகளின் நடுவே, ஏழு மதில்களுக்குள், ஒரு நாகத்தின் காவலில் உள்ளதாகவும் நம்பி தெரிவித்தார். கீதையின் பொருளை முதலில் உபதேசித்து, பின்னர் திருவரங்கம் அழைத்துச் சென்று அரவணைத் துயிலும் பெருமானைக் காட்டினார். ஆளவந்தார் அரசைத் துறந்து துறவு பூண்டார்.

யான் என்பது எது என்னும் வினாவை அவர் ஆத்மஸித்தி என்னும் நூலில் எடுத்துக்கொண்டார். உடல், பொறிகள், மனம், பிராணன் ஆகியவற்றுள் எதுவும் ஆன்மா அன்று. ஆன்மா வெறும் அறிவு என்பாரையும் அவர் மறுத்தார். அறிவு அறிபவன் ஒருவனைச் சார்ந்தே நிற்கும். நேற்றுக் கண்டதை இன்று நினைப்பவன் அவனே. விளக்கைக் காண வேறு விளக்கு வேண்டாததுபோல் ஆன்மா தானே தனக்குத் தோன்றும். அது நித்தியம், உடல்தோறும் வேறு, இயல்பிலேயே இன்பமுடையது. நூல் முழுமையாக நமக்குக் கிட்டாதது பெருங்குறையே.

இத்துணை நுட்பமாக வாதிட்டவர், ஸ்தோத்ர ரத்னத்தில் வேறொரு நிலையில் நிற்கிறார். ஆன்மா எத்தகையதாயினும் ஆகுக, அந்த யானைத் திருவடியில் ஒப்படைத்துவிட்டேன் என்கிறார். உடனே மனம் திடுக்கிடுகிறது: எல்லாம் முன்பே அவனுடையதாயிருக்க, யான் கொடுத்தது எதனை? பாதி ராஜ்யத்தை விட்டவருக்கும், தன்னைத் தனதென்று எண்ணிய அந்த ஒன்றை விடுவதே அரிதாயிருந்தது போலும்.

அந்த ஸ்தோத்திரத்தைப் பெரிய நம்பி காஞ்சியில் அனுஸந்திக்கக் கேட்டே இளைய இராமாநுசர் திருவரங்கம் புறப்பட்டார். வருவதற்குள் ஆளவந்தார் பரமபதித்தார். திருமேனியில் மூன்று விரல்கள் மடங்கியிருக்கக் கண்டு, அவர்தம் குறைகளைத் தீர்ப்பதாக இராமாநுசர் உறுதி பூண்டார் என்பர். பின்னாளில் ஸ்ரீபாஷ்யத்தில் ஆத்மஸித்தியின் வழியே சென்று, முக்தியில் யான் என்பதே அழியுமாயின் அம்முக்தியை விரும்புவார் யாருமிரார் என்று அவர் நிலைநாட்டினார்.